வரைபடத்தில் இல்லாத அளவுகள்: லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் தரம் எப்படிச் சரிந்தது?

சிவகாசியில் அச்சாகும் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். இதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். அமெரிக்காவில் இதை இன்றும் மான் வேட்டைக்கு எடுத்துப் போகிறார்கள், தாத்தா வைத்திருந்ததைப் பேரன் வைத்திருக்கிறான், புதிதாகவும் வாங்குகிறார்கள்.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே ஒரு புகார் வரும்: முன்பு மாதிரி இப்போது செய்வதில்லை. எல்லாப் பழைய பொருளுக்கும் எல்லா ஊரிலும் சொல்கிற புலம்பல்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்த ரைஃபிள்களின் விஷயத்தில் சரிவுக்குத் தேதியே போடலாம். வின்செஸ்டருக்கு 1964. அதன் போட்டிக் கம்பெனியான மார்லினுக்கு 2010-ஐ ஒட்டிய வருடங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டால், துப்பாக்கி மட்டுமல்ல, எந்தத் தொழிற்சாலைப் பொருளின் தரத்தைப் பற்றியும் தெளிவாக யோசிக்க முடியும். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

லீவரைக் கீழே தள்ளியதும், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட் என்ற உருக்குத் துண்டைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்கும் ஒரு பூட்டுக்கட்டை கீழே இறங்குகிறது. பூட்டு விலகியதால் போல்ட் பின்னால் நகர்கிறது. போகும்போதே அதன் நுனியிலுள்ள கொக்கி, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் குழலிலிருந்து இழுத்து வருகிறது. எஜெக்டர் அந்தக் கூட்டை வெளியே தட்டிவிடுகிறது. போல்ட் சுத்தியலையும் பின்னால் மடக்கி வைக்கிறது. இதற்கிடையில் குழலுக்குக் கீழே இருக்கும் நீண்ட டியூபிலிருந்து ஸ்பிரிங் ஒரே ஒரு தோட்டாவைப் பின்னால் தள்ளுகிறது. கேரியர் என்ற சின்னத் தூக்கி அதைத் தாங்கிக் குழலின் வாய்க்கு நேரே உயர்த்துகிறது. லீவரை மேலே இழுக்கும்போது போல்ட் தோட்டாவை உள்ளே தள்ளுகிறது, பூட்டுக்கட்டை மறுபடி மேலேறி அடைத்துக்கொள்கிறது.

இவ்வளவும் கையின் ஒரே அசைவில் நடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. கேரியர் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் தோட்டா இடிக்கும். கொஞ்சம் தாமதமானால் போல்ட் தோட்டாவின் விளிம்பைப் பிடிக்காமல் வயிற்றில் முட்டும். டியூபிலிருந்து இரண்டாவது தோட்டா ஒரு இம்மி எட்டிப் பார்த்தாலும் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில், அதாவது போல்ட்டைக் கையாலேயே நேராக இழுத்துத் தள்ளும் வகையில், இத்தனை உறுப்புகள் ஒன்றையொன்று நம்பி இருப்பதில்லை. லீவர் ஆக்‌ஷனில் எல்லாம் சங்கிலியாகக் கோத்திருக்கிறது. எங்கே தரம் குறைந்தாலும் அது உடனே கைக்குத் தெரிந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஃபிட்டர் ஏன் தேவைப்பட்டார்

வரைபடத்தில் ஒரு பாகத்தின் நீளம் 10 மி.மீ. என்று போட்டிருந்தால் எந்த மெஷினும் மிகச் சரியாக 10 மி.மீ. வெட்டித் தராது. அதனால் கூடவே ஒரு சலுகையும் எழுதுவார்கள்: 0.05 மி.மீ. கூடலாம், அல்லது குறையலாம். இதற்கு டாலரன்ஸ் என்று பெயர். இப்படி ஆறு பாகங்கள் வரிசையாக ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே ஒரே பக்கமாகக் கூடிவிட்டால், கடைசிப் பாகத்தில் 0.3 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். ஆறு பாகமும் வரைபடப்படி பாஸ்தான். ஆனால் துப்பாக்கி சிக்குகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு பாகத்தையும் இன்னும் நெருக்கமான அளவில் செய்வது. 19-ஆம் நூற்றாண்டின் மெஷின்களை வைத்து அது பெருஞ்செலவு. இன்னொன்று, பாகங்களைக் கொஞ்சம் தாராளமாகச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு ஃபிட்டர் அரத்தை எடுத்துத் தேய்த்து ஒன்றுக்கொன்று பொருத்துவது. ஆசாரி கதவை நிலையில் வைத்துப் பார்த்து, இடிக்கிற இடத்தில் இழைப்புளி போட்டு, மறுபடி வைத்துப் பார்ப்பார் அல்லவா, அதே வேலைதான். அந்தக் கதவு அந்த நிலைக்குத்தான் பொருந்தும்.

மாற்றிப் போடக்கூடிய பாகங்கள் என்ற எண்ணத்தையே உலகத்துக்குச் செய்து காட்டியவர்களில் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் முன்வரிசையில் நின்றன. கேஜ் வைத்து அளந்து பாகம் செய்வதில் கனெக்டிகட் நதிப் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் பெரிய பள்ளிக்கூடம். அப்படிப்பட்ட இடத்திலும் கடைசி மெருகு ஃபிட்டரின் கையிலேயே இருந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் வின்செஸ்டர் செய்த 1894 மாடல் அந்த உலகத்தில் பிறந்ததுதான். மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல் அந்த மாடல் விற்றது. உருக்கை அடித்து உருவாக்கிய கட்டியிலிருந்து ரிசீவர் என்ற நடுப்பெட்டியை மில்லிங் மெஷினில் கடைந்து எடுப்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தனி வெட்டு, ஒரு தனி செட்டிங்.

ஆள் கூலி மலிவாக இருந்தவரை இந்த வடிவமைப்பு லாபம் தந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கூலி ஏறியது. அப்புறம் போட்டியும் வந்தது. மலிவாகச் செய்வதற்கென்றே யோசித்து வடிவமைத்த ரெமிங்டன் 700 என்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 1962-இல் சந்தைக்கு வந்தது.

1964: வடிவம் அதே, செய்முறை வேறு

அப்போது வின்செஸ்டர் ஓலின் நிறுவனத்தின் கையில் இருந்தது. செலவைக் குறைக்க, 1964-இல் தன் முக்கிய மாடல்கள் பலவற்றின் செய்முறையை மாற்றியது. 94 மாடலில் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

முழு உருக்கில் கடைந்திருந்த கேரியருக்குப் பதிலாக, தகட்டை அச்சில் அழுத்தி மடித்த கேரியர் வந்தது. திடமான பின்கள் இருந்த இடத்தில், தகட்டைச் சுருட்டிய உள்கூடான ரோல் பின்கள் வந்தன. ரிசீவருக்கு எடுத்துக்கொண்ட புது உலோகம் வழக்கமான ப்ளூயிங்கை, அதாவது உருக்குக்கு ஏற்றும் அந்தக் கருநீல நிறத்தை, ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் மேலே வேறு பூச்சு ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ரைஃபிளை யாராவது புதுப்பிக்கக் கொண்டுபோனால், குழல் கருநீலமாகவும் ரிசீவர் வேறொரு நிறமாகவும் வந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

தகட்டு கேரியர் சுடாமல் போய்விடுமா என்றால், இல்லை. பெரும்பாலான ரைஃபிள்கள் நன்றாகவே சுட்டன. ஆனால் லீவரை ஆட்டிப் பார்த்த வேட்டைக்காரன் கைக்கு வித்தியாசம் தெரிந்தது. லொடலொட என்ற சத்தம் கேட்டது. கடையில் பக்கத்திலேயே பழைய ரைஃபிள் தொங்கிக்கொண்டிருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுலபமாக இருந்தது. விளைவாக அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தையில் '64-க்கு முந்தியது' என்பதே ஒரு விலைப்பட்டியல் சொல்லாகிவிட்டது. இன்றும் அந்த வருடத்துக்கு முந்திய ரைஃபிளுக்குத் தனி விலை.

இங்கே நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. தகட்டை அச்சில் அழுத்துவது கெட்ட செய்முறை அல்ல. தகட்டுக்கென்றே வடிவமைத்த எத்தனையோ துப்பாக்கிகள் உலகப் போரைத் தாங்கியிருக்கின்றன. கடைந்தெடுத்த பாகத்துக்காக 1894-இல் யோசித்த வடிவத்தை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் தகட்டைக் கொண்டுபோய்ச் செருகியதுதான் தவறு. வின்செஸ்டரும் இதைப் புரிந்துகொண்டது. சில வருடங்களில் முழு உருக்கு கேரியர் திரும்பி வந்தது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் நியூ ஹேவன் ஆலை ஓலினிடமிருந்து கைமாறி யூ.எஸ். ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்ற பெயரில் ஓடியது. 2006-இல் மூடப்பட்டது.

மார்லின்: ஆலையை மாற்றினார்கள், ஆட்களைக் கூட்டிப்போகவில்லை

வின்செஸ்டர் 1964-இல் சறுக்கியதால் லாபம் அடைந்தது மார்லின். 1870-இல் ஜான் மார்லின் தொடங்கிய கம்பெனி, அதுவும் கனெக்டிகட்டில்தான். 1948-இல் வந்த 336 மாடல் அவர்களுடைய சோற்றுப்பானை. ரிசீவரின் மேல்பகுதி மூடியிருக்கும், கூடு பக்கவாட்டில் வெளியேறும். அதனால் மேலே டெலஸ்கோப் பொருத்த வசதி. அடித்து உருவாக்கிய உருக்கு, கடைந்தெடுத்த பாகங்கள் என்று மார்லின் பழைய பாதையிலேயே போனது.

2007 கடைசியில் ரெமிங்டன் அந்தக் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. ரெமிங்டனே அப்போது செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2010-இல் மார்லினின் நார்த் ஹேவன் ஆலையை மூடப்போவதாகச் சொன்னார்கள். 200-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. ரைஃபிள் தயாரிப்பு நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரிலிருந்த ரெமிங்டன் ஆலைக்குப் போனது.

மெஷின்கள் லாரியில் ஏறிப் போயின. வரைபடங்களும் போயின. மனிதர்கள் போகவில்லை.

அந்த மெஷின்களில் பல, பத்து இருபது வருடம் அல்ல, அதற்கும் மேல் ஓடித் தேய்ந்தவை. இப்படிப்பட்ட மெஷினில் இருபது வருடம் நின்றவருக்கு அதன் குணம் தெரியும். காலையில் சூடாகும்வரை ஒரு அளவு, மதியம் வேறொரு அளவு, இந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் சரியாக வெட்டும் என்று அவர் கை பழகியிருக்கும். அடுத்த மெஷினில் நிற்பவருக்கும் இது தெரியும், அவர் அதற்கு ஏற்றபடி தன் வேலையைச் சரிசெய்துகொள்வார். இப்படி வருடக்கணக்கில் நடக்கும்போது, உண்மையில் வெளிவரும் பாகம் ஒரு அளவிலும் வரைபடம் வேறொரு அளவிலும் நின்றுவிடும். வரைபடத்தைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, துப்பாக்கிதான் நன்றாக வந்துகொண்டிருக்கிறதே. மார்லினில் நடந்தது இதுதான். இலியனில் புது ஆட்கள் வரைபடத்தை நம்பி வேலையைத் தொடங்கியபோது பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

என்னென்ன கோளாறுகள் வந்தன? ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்: சாய்ந்த சைட்.

குழலை ரிசீவருக்குள் மரை போட்டு முறுக்குவார்கள். குறிபார்க்கும் முன்சைட்டும் பின்சைட்டும் உட்காரும் பள்ளங்கள் குழலின் முதுகில் இருக்கும். முறுக்கி இறுகும் அந்தக் கடைசி நிலையில் இந்தப் பள்ளங்கள் மிகச் சரியாக மேலே, கடிகாரத்தின் 12 மணிக்கு நேரே வந்து நிற்க வேண்டும். மரை தொடங்கும் இடம் கொஞ்சம் மாறினாலோ, ரிசீவரில் முட்டும் குழலின் தோள் ஒரு இம்மி கூடக் குறைய இருந்தாலோ, சைட் 12 மணிக்கு முன்பே இறுகிவிடும், அல்லது தாண்டிப் போகும். அனுபவமுள்ளவர் தோளை ஒரு சுரண்டு சுரண்டி 12 மணிக்குக் கொண்டுவருவார். அனுபவமில்லாதவர் இறுகிய இடத்தில் விட்டுவிடுவார். அந்த ரைஃபிளைத் தோளில் வைத்தால் முன்சைட் தலைசாய்த்து நிற்கும். சைட்டைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தினாலும் அது தீராது, குழலையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.

இன்னும் உண்டு. மரக்கட்டைக்கும் உருக்குக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, வெட்டிய விளிம்பில் எடுக்காமல் விட்ட பிசிறு, மணல் கலந்த மாதிரி கரகரக்கும் லீவர், ஏறாமல் சிக்கும் தோட்டா. ரெமிங்டனையும் மார்லினையும் சேர்த்து 'ரெம்லின்' என்று அமெரிக்கர்கள் ஒரு கெட்ட பெயரே வைத்துவிட்டார்கள். பிசிறு ஒரு ஆளின் அசட்டை. ஆனால் பிசிறோடு அந்த ரைஃபிள் பெட்டிக்குள் போய் ஆலையைத் தாண்டியது நிர்வாகத்தின் முடிவு. பரிசோதனை மேசையில் நிறுத்தியிருக்க வேண்டிய ரைஃபிளை அனுப்பிவைத்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

ரெமிங்டன் பிறகு திருத்திக்கொள்ள முயன்றது என்பதையும் சொல்ல வேண்டும். வரைபடங்களைப் புதிதாக வரைந்தார்கள், கணினி புரோகிராம்படி வெட்டும் புது சி.என்.சி. மெஷின்கள் போட்டார்கள், 2010-களின் நடுவிலிருந்து வந்த ரைஃபிள்கள் தேறின. ஆனால் கம்பெனியின் கடன் கழுத்தை நெரித்தது. 2018-இல் ஒருமுறை, 2020-இல் மறுமுறை திவால்.

அப்படியானால் மெஷின்தான் குற்றவாளியா?

இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்குச் சாட்சி அதே மார்லின்தான்.

2020 திவாலில் மார்லினை ரூகர் கம்பெனி வாங்கியது. மெஷின் வந்து இறங்கிய மறுநாளே ரைஃபிள் செய்ய அவர்கள் இறங்கவில்லை. வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் வேலையை ஒழுங்குசெய்து, முதல் 1895 மாடல் ரைஃபிளை வெளியே அனுப்பியபோது 2021 டிசம்பர் ஆகிவிட்டது. வாங்கி ஒரு வருடத்துக்கும் மேல். அடித்து உருவாக்கிய ஸ்டெயின்லெஸ் உருக்கு, சி.என்.சி.யில் கடைந்த ரிசீவர், குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து உருவாக்கும் குழல். வாங்கியவர்கள் பாராட்டினார்கள். நார்த் ஹேவனின் பழைய ஃபிட்டர்கள் அங்கே இல்லை. ஃபிட்டரின் கையிலிருந்த அளவு இப்போது வரைபடத்துக்குள்ளும் மெஷினின் புரோகிராமுக்குள்ளும் வந்துவிட்டது. மேலே சொன்ன இரண்டு வழிகளில் முதல் வழி, அன்று பெருஞ்செலவாக இருந்தது, இன்று கைக்கு எட்டுகிறது.

வின்செஸ்டர் பெயரில் இப்போது வரும் லீவர் ரைஃபிள்கள் ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் மிரோக்கு கம்பெனியில் செய்யப்படுகின்றன. மரமும் உருக்கும் சேரும் இடத்தில் மிரோக்கு காட்டும் நேர்த்தியைப் பார்த்தால், '64-க்கு முந்திய' ரைஃபிளுக்குப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம். அமெரிக்காவில் செய்யவில்லையே என்ற வருத்தம் சிலருக்கு இருக்கிறது. அது ஊர்ப்பற்று, தரத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது.

வார்ப்புப் பாகங்களைப் பற்றியும் இதே குழப்பம் உண்டு. உலோகத் தூளைப் பிசினோடு குழைத்து அச்சில் செலுத்தி, பிறகு சூளையில் இறுக்கி எடுக்கும் எம்.ஐ.எம். என்ற முறை இருக்கிறது. பிசின் போனதும் பாகம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சு செய்ய வேண்டும். கணக்கும் சூடும் சரியாக இருந்தால் விசை மாதிரிச் சின்னப் பாகங்கள் நன்றாகவே வரும். 'எம்.ஐ.எம். என்றால் குப்பை' என்று கேட்டதும் முடிவு கட்டிவிட வேண்டாம். எந்தப் பாகத்துக்கு, எவ்வளவு கவனத்தோடு என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. புது ரைஃபிள்களில் பக்கவாட்டில் குறுக்கே ஒரு பாதுகாப்புப் பொத்தான் இருப்பதைப் பலர் தரக்குறைவு என்கிறார்கள். பிடிக்காமல் போகலாம், ஆனால் அது வடிவமைப்பு பற்றிய முடிவு. பழையது எல்லாம் பொன் என்பதும் சரியல்ல. மோசமாக வந்த பழைய ரைஃபிள்கள் உடைந்து எப்போதோ ஒதுங்கிவிட்டன, நல்லவைதான் இன்றுவரை தப்பி வந்து நம் கண்ணில் படுகின்றன. பழைய மார்லின்களுக்கும் ஒரு பரம்பரை நோய் இருந்தது. லீவரின் விளிம்பு கேரியரைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் விழ, ஒருநாள் இரண்டாவது தோட்டா எட்டிப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். 'மார்லின் ஜாம்' என்ற பெயர் ரெமிங்டன் வாங்குவதற்கு வெகு முன்பே வந்தது.

ஒரு ரைஃபிளைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது

வெளிநாட்டில் இருந்து, சட்டப்படி ஒன்றை வாங்க நினைப்பவருக்கும், அருங்காட்சியகத்திலோ நண்பர் வீட்டிலோ பார்ப்பவருக்கும் இது உதவும். முதலில், தோட்டா இல்லை என்று லீவரைத் திறந்து கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டியூபையும் சேர்த்து.

அப்புறம் பின்னாலிருந்து, ரிசீவரின் தட்டையான முதுகையும் முன்சைட்டையும் ஒரே பார்வையில் பாருங்கள். சாய்வு இருந்தால் அப்போதே தெரியும். லீவரை மெதுவாகத் திறந்து மூடுங்கள், வேகமாக ஆட்டினால் கோளாறு மறைந்துவிடும். எங்கே கனக்கிறது, எங்கே கரகரக்கிறது என்று கை சொல்லும். மரம் உருக்கைத் தொடும் கோடு முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, திருகுகளின் தலை பிய்ந்திருக்கிறதா, விளிம்புகள் விரலைக் கீறுகின்றனவா என்று பாருங்கள்.

மார்லின் என்றால் முத்திரையையும் தேடுங்கள். குழலின் இடப்பக்கம், ரிசீவரை ஒட்டி, ஜே.எம். என்ற எழுத்து இருந்தால் கனெக்டிகட் காலத்துக் குழல். ஆர்.ஈ.பி. என்றிருந்தால் ரெமிங்டன் காலம். ஆர்.எம். என்று தொடங்கும் வரிசை எண் ரூகருடையது. ஜே.எம். முத்திரையை மட்டும் பார்த்து அதிகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆலை மாறிய நேரத்தில், முத்திரை குத்தி மிச்சமிருந்த குழல்கள் சில இலியனில் முறுக்கப்பட்டு வெளிவந்திருக்கின்றன. முத்திரை குழலுக்குத்தான் சாட்சி. அதை ரிசீவரில் முறுக்கியது யார் என்பதை முன்சைட் நிற்கும் கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.